வெள்ளிக்கிழமை மேசை

பொழுது சாயும் நேரம். தாமார் மேசைமேல் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு, கண்களைக் கைகளால் மூடிக்கொண்டு செபித்தாள். யூதர்களுக்கு வெள்ளி மாலையிலேயே ஓய்வுநாள் பிறந்துவிடும். அந்த வெளிச்சத்தில் அறை மெல்ல மிதப்பதுபோல இருந்தது.

லூர்தம்மா தட்டைத் தொடவில்லை. “நீங்க மொதல்ல சாப்பிடுங்க. நான் பொறவு சாப்பிடுறேன்.”

“பதினோரு வருஷமா இதையேதான் சொல்றீங்க,” என்று தாமார் சிரித்தாள்.

“எங்கம்மா பங்களாவுல ஆயா. தொரைமாரோட மேசையில உக்காந்து சாப்பிட்ட பரம்பரையா நாங்க?”

“எங்கம்மா என்ன சொல்லுவாங்க?” என்று கேட்டாள் தாமார்.

“லூர்து சாப்பிடாம நான் ரொட்டியத் தொடமாட்டேன்னு அடம்பிடிப்பாங்க.”

பதினோரு வருடங்களுக்கு முன் இஸ்ரேலின் ஹைஃபா நகரில், படுக்கையில் கிடந்த தாமாரின் தாயைக் கவனிக்கத்தான் லூர்தம்மா வேலைக்குச் சேர்ந்தாள். வெள்ளிதோறும் அந்த அம்மாள் தன் மகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார். பிறகு லூர்தம்மாவின் தலையிலும்.

கதவு தட்டப்பட்டது. பக்கத்து லய வீட்டு அனோஜா எட்டிப் பார்த்துத் தாமாரிடம் கேட்டாள். “நோனா, லூர்தம்மா அக்காவத் தூக்கிவிட ஆள் வேணுமா?”

“வேணாம். குளிக்க வச்சு, உக்கார வச்சாச்சு,” என்றாள் தாமார், புதிதாகக் கற்ற தமிழில்.

வெளியே, இலங்கையின் கித்துல்கல தோட்டத்து ரப்பர் மரங்களில் மழை பெய்துகொண்டிருந்தது. தாயை அடக்கம் செய்த மறுவருடம், ஊர் திரும்பிய லூர்தம்மாவுக்குப் பக்கவாதம் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவள் தாமார். இரண்டு மாதமாகியும் அவள் திரும்பிப் போகவில்லை.

ரொட்டியைப் பிய்த்து ஊட்டிவிட்டு, லூர்தம்மாவின் அசையாத இடக்கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

“ஆசீர்வாதம் சொல்லுங்கம்மா. எனக்குச் சொல்ல இப்ப வேற யாரு இருக்கா?”

வலக்கை தானாகவே வந்து சேர்ந்துகொண்டது.