ஆளில்லாத தெரு

"ஓரமா போய் நில்லுங்க மச்சான், புண்ணியமா போகும்" என்று நான் கடுகடுத்ததும், என் மனைவியின் அண்ணன் கேமரா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நகர்ந்துபோனார்.

மூன்றாவது முறையும் படம் பாழ். இந்த முறை கேமரா ஸ்டாண்டை இடித்தது, கட்டம் போட்ட சட்டைக்குள் பிதுங்கிய அவருடைய தொப்பை.

எதிரே எண்பது வருடத்து வங்கிக் கட்டடம். கீழே அகலமான கண்ணாடிக் கதவு. கட்டடம் மட்டும் வேண்டும், ஒரு தலை தெரியக் கூடாது என்று புத்தகம் போடுகிறவர்கள் கறாராகச் சொல்லியிருந்தார்கள். நாளை சாரம் கட்டிவிடுவார்கள். இன்று விட்டால் படமும் போச்சு, வேலையும் போச்சு.

நெரிசலான தெருவில் ஆளில்லாமல் படம் எடுக்க ஒரு வழி உண்டு. லென்ஸில் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, ஆறு நிமிடம் திறந்துவைக்க வேண்டும். நடப்பவர்கள் பதியவே மாட்டார்கள். அசையாமல் நிற்பவர்தான் படத்தில் விழுவார். ஆனால் அந்த ஆறு நிமிடமும் ஸ்டாண்டில் ஒரு விரல்கூடப் படக் கூடாது.

என் முதுகுக்குப் பின்னால் ரயில் நிலையப் படிக்கட்டு.

நாலாவது முறை பொத்தானை அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றேன். பைகளும் மூட்டைகளும் அழுகிற குழந்தைகளும் இருபுறமும் வழிந்துபோயின. ஒருவரும் இடிக்கவில்லை. என் நல்ல நேரம் என்று நினைத்தேன். மச்சான் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போனதும் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன்.

படம் வந்தது. பட்டப்பகலில் தெருவில் ஈ காக்கை இல்லை.

பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணாடிக் கதவில் மட்டும் நான் சின்னதாகத் தெரிந்தேன். என் முதுகிலிருந்து கூடுதலாக இரண்டு கைகள் முளைத்திருந்தன.

கட்டம் போட்ட சட்டைக் கைகள். எனக்கு முதுகைக் காட்டி, படிக்கட்டைப் பார்த்து, கூட்டத்தை மறித்து விரித்த கைகள்.

விரல்கள் மட்டும் கலங்கியிருந்தன. ஆறு நிமிடம் கையை விரித்துப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

"ஆள் யாரும் விழலையே மாப்ளே?" என்று தோளைப் பிசைந்தபடி மச்சான் பின்னாலிருந்து கேட்டார்.

இத்தனை வருடத்தில் அந்த மனிதருக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. அப்போதும், இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து, படத்தின் கதவில் விழுந்திருந்த என்னைக் கணினியில் துடைத்து எடுத்தேன்.

அந்த இரண்டு கைகளையும் விட்டுவைத்துப் புத்தகக்காரர்களுக்கு அனுப்பினேன்.