பைக்குள் ஒரு சத்தம்

காலையிலிருந்து கையாலேயே தைத்ததில் நாத்தனாரின் விரல்கள் வீங்கிக் கடுக்கின்றன. அவள் தையல் மெஷினில் அடிநூல் உருளையைப் பிடிக்கும் இரும்புக் கூட்டை, பாபின் கேஸைக் காணவில்லை. அவள்தான் தொலைத்தாள் என்று அண்ணி திட்டித் தீர்த்தாகிவிட்டது. அண்ணி தன் மெஷினில் தைத்து முடித்த பையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்குகிறாள். உள்ளே ஏதோ உருள்கிறது. “அண்ணி, இது வயித்துல என்னமோ இருக்கு” என்கிறாள் நாத்தனார். “புதையலா இருந்தா பாதி எனக்கு.” இருவரும் காதில் வைத்து மாறி மாறி ஆட்டுகிறார்கள். பக்கப்பட்டியில் இல்லை, அடியில்தான். நாத்தனார் உள்துணியின் தையலைப் பிரித்து, அடி அட்டையை நெம்பி விரலை விடுகிறாள். பாபின் கேஸ் பளபளவென்று வருகிறது. “இது எப்படி உள்ள போச்சு?” என்கிறாள் அண்ணி. “நடந்து போயிருக்கும்.” அண்ணி சிரிக்கிறாள், மெஷினைத் துடைக்கிறாள், கேஸைத் தானே மாட்டியும் கொடுக்கிறாள். நாத்தனாரிடம் அவள் கேட்கவேண்டிய மன்னிப்பு மட்டும் பாக்கி.