கண்ணீர்மானி

பாலைவனத்துத் தொழிலாளர் முகாமில், ஊரில் அம்மா செத்ததற்கு லீவு வேண்டுமென்றால், கண்ணீர்மானியின் தட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விட வேண்டும். உண்மையான துக்கம் கெட்டியாக, மெல்ல ஓடுமாம். பொய் அழுகை தண்ணீராக ஓடிவிடுமாம். கம்பெனி அப்படித்தான் சொல்கிறது.

அம்மா செத்த செய்தி வந்தபோது சமையல்காரர் காத்தமுத்து முகாமுக்கே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். அப்படியே ஓடிவந்து தட்டில் ஒரு சொட்டு விட்டார். அது சர்ரென்று வழிந்தது.

“வெங்காயம்னு வருதே அண்ணாச்சி,” என்றார் லீவு ஆபீசர் ரோஸ்லின்.

“மூஞ்சியக் கழுவிட்டு வந்து இன்னொரு வாட்டி அழுவுறேன் மேடம். நான் மூத்த மவன். கொள்ளி வைக்கணும்.”

“ஒரு சாவுக்கு ஒரு சொட்டுதான். ரூல்ஸ்.”

துணைக்கு வந்திருந்த அறைத்தோழன் பஞ்சநாதனுக்குப் பொறுக்கவில்லை. கெஞ்சுவதற்காக மேஜைமேல் குனிந்தான். அவன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு தட்டில் விழுந்து, தேனைப் போல நகர்ந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

“தாய் இறந்த துக்கம், முதல் தரம்,” என்று படித்தார் ரோஸ்லின். “லீவு உங்களுக்குத்தான் தம்பி. சாயங்காலம் ஃபிளைட்.”

“ஐயோ, எங்கம்மா ஊர்ல குத்துக்கல்லாட்டம் இருக்கு மேடம்!”

“மிஷின் சொன்னத நான் மாத்த முடியாது. வேணாம்னா அதையும் கேன்சல் பண்ணிடுறேன்.”

பஞ்சநாதன் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு காத்தமுத்துவின் தோளைத் தொட்டான்.

“அண்ணே, கொள்ளிய நான் வச்சிடுறேன். திருச்சில எறங்கி, உங்க ஊருக்கு எந்த பஸ்ல ஏறணும்?”