மழையில் நின்றவள்

ஜப்பானில், படம் பார்த்துப் படிக்கிற ஒரு கணினிக் கதைக்குள் இரண்டு பொத்தான்கள் இருந்தன. சிஹாயா என்ற பெண் பள்ளி வாசலில் மழையில் நிற்கும்போது அவை திரையில் வரும். ஒன்று 'குடையைக் கொடு'. மற்றது 'பேசாமல் போ'.

குடையை அழுத்தினால் காதல், கல்யாணம் என்று கதை நீளும். பேசாமல் போனால் 'முற்றும்' என்ற ஒரே சொல்தான். படிப்பவர்கள் அந்த இடத்தைச் சேமித்து வைத்து, காதலை முடித்த பிறகு திரும்பி வந்து 'பேசாமல் போ'வையும் ஒரு தடவை அழுத்துவார்கள். உடனே போய்விடுவார்கள்.

"உன்னை யாரு தேடி வரா?" என்று மற்றதைக் கேட்கும் குடைப் பொத்தான்.

காதல் கதைகள் எல்லோருக்கும் சலித்துப்போன ஒரு வருஷம், கதையை எழுதியவளே வந்து 'பேசாமல் போ'வை அழுத்தினாள். அவள் போகவில்லை. "அப்புறம் இந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்று முணுமுணுத்தபடி எழுத உட்கார்ந்தாள். அவள் எழுதியதில், சிஹாயா அன்று வீடு போய்ச் சேரவில்லை. ஆற்றங்கரையில் அவள் பை மட்டும் கிடைத்தது. அந்த மர்மக் கதையை ஊரே விழுந்தடித்துக்கொண்டு படித்தது. எல்லோரும் இப்போது முதலில் அழுத்துவது 'பேசாமல் போ'வைத்தான்.

"இப்போ சந்தோஷம்தானே?" என்றது குடைப் பொத்தான்.

மற்றது மழையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குக் கதை கிடைச்சிடுச்சு. அவளுக்குத்தான் குடை கிடைக்கல."