மேலே நல்ல காற்று

கதாநாயகன் குத்தினால் அடியாள் பறந்தாக வேண்டும். அதற்காக அடியாள் எத்திராஜின் இடுப்பில் கயிறு கட்டி, கிரேன் கப்பி வழியே இறங்கிய மறுமுனையை நான்கு பேர் பிடித்திருந்தார்கள். அன்று அவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். கதாநாயகன் கையை ஓங்கும்போதே எத்திராஜ் விருட்டென்று மேலே போய், அங்கேயே மாட்டிக்கொண்டார். எத்தனையோ படங்களில் பறந்து பறந்து விழுந்தவர், ஒருநாளும் மேலே நின்றதில்லை. காலை ஆட்டிக்கொண்டே சிரித்தார்.

ஓங்கிய முஷ்டியை இறக்க மறந்த கதாநாயகன் அண்ணாந்து கேட்டான்: "அண்ணே, மேல எப்படி இருக்கு?"

"ஜிலுஜிலுன்னு காத்து சார். கடல்கூடத் தெரியுது!"

எத்திராஜை இறக்கியதும் கதாநாயகன் அந்தக் கயிற்றை அவிழ்த்துத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டான். "இப்ப நீங்க என்னைக் குத்துங்கண்ணே."

"சார், நீங்க அடி வாங்கினா ரசிகருங்க ஸ்கிரீனையே கிழிச்சிடுவாங்க!" என்று டைரக்டர் பதறினார்.

அவன் கண்களை மூடிக் கன்னத்தைக் காட்டினான். எத்திராஜ் முஷ்டியை மடக்கிப் பார்த்தார். அடி வாங்கியே பழகியவருக்குக் குத்த வரவில்லை. அருகில் குனிந்து அந்தக் கன்னத்தில் 'ப்பூ' என்று ஊதினார்.

நான்கு பேரும் கயிற்றை இழுத்தார்கள்.