பதினொரு மணி நேரத் தூரம்

அப்பாவின் மூச்சு நின்றதும் தம்பிக்குத்தான் முதலில் போன் செய்தேன். அவன் இருக்கும் ஊர் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் தள்ளி. விமானத்தில் பதினொரு மணி நேரம்.

பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வருவதற்குள் தம்பி வாசலில் நின்றான். கட்டிப்பிடித்து அழுதேன். அழுகிறவளுக்குக் கணக்கா தோன்றும்? அவன் பெட்டியை வாங்கிக் கூடத்தில் வைத்தேன். காலிப் பெட்டிபோல லேசாக இருந்தது.

"நீ போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாக்கா. அப்பாவை நான் பாத்துக்கறேன்."

அடுக்களையில் டம்ளரை எடுத்தபோது கைபேசி அடித்தது. திரையில் தம்பி பெயர்.

"அக்கா, இப்பத்தான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்புறேன். நான் வந்து முகத்தைப் பாக்குற வரைக்கும் அப்பாவை எடுத்துடாதீங்க."

கூடத்துக்கு ஓடினேன். அப்பா கிடந்த கட்டிலில் போர்வை நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அப்பா இல்லை. அந்தப் பெட்டியும் இல்லை.