தம் உடைக்கிற சத்தம்

"ஆலன், அந்தத் துணிப்பை ஆளைப் பாரேன். பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"ரெண்டும் இல்லக்கா. சமையல்காரங்க கிட்ட விசாரிச்சேன். யாருக்கும் தெரியல."

ஜெனிஃபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆம்பூரில் கல்யாண வீடியோ எடுத்துத் தருகிறவள் அவள். கேமரா ஆலன், சத்தத்தைப் பதிவதும் எடிட்டிங்கும் அவள். கூப்பிடாமல் வந்து பந்தியில் உட்காருகிறவர்களை நிறையவே பார்த்திருக்கிறாள். பிரியாணி வேகிற பெரிய தேக்சாவுக்குப் பக்கத்திலேயே, பையின் வாயை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"பார்சலுக்கே வந்திருக்குது பாரு! உக்காந்து சாப்புட்டுப் போனாகூடப் பரவால்ல."

"நமக்கு இன்னாக்கா? ரெக்கார்டர் ரெடியா? தம் உடைக்கப் போறாங்க."

தம் போட்டு மூடிய தேக்சாவைத் திறக்கிற அந்த நொடிக்காகத்தான் மண்டபத்தின் பின்பக்கமே வந்திருந்தாள். தோல் பதனிடுகிற ஷாப்பு முதலாளிகள் எல்லாம் முன்பக்கம் மேடையில் வரிசை கட்டி நின்றார்கள். ஆனால் மணப்பெண் அம்பரீன் முன்கூட்டியே வந்து கேட்டது மேடையை அல்ல.

"அக்கா, எங்கப்பா பிரியாணி மாஸ்டர். ஊர்ல பாதி கல்யாணத்துக்கு அவர்தான் தம் உடைச்சிருக்காரு. என் கல்யாணத்துக்கு உடைக்கிறப்ப நான் ரூமுக்குள்ள உக்காந்திருப்பேன். அப்புறம் மஸ்கட் போய்டுவேன். அப்பா இன்னா சொல்லி மூடியத் தொறக்குறாருன்னு எனக்குக் கேக்கணும். வேற எது இல்லன்னாலும் பரவால்லக்கா."

அவளுடைய அப்பா அப்துல் கஃபார் மூடி மேலிருந்த கரியைத் தள்ளினார். ரெக்கார்டர் பட்டனை அழுத்தப் போனாள் ஜெனிஃபா.

அந்த நேரம் பார்த்துத் துணிப்பை ஆள் இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து, பையைத் தேக்சாவுக்கு நேராக நீட்டினார். விட்டால் வீடியோவுக்குள்ளேயே வந்து நிற்பார் போலிருந்தது. ஜெனிஃபா ஓடினாள்.

ஜெனரேட்டர் இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் மூடி திறந்து, ஆவி பறந்து, அப்துல் கஃபார் முதல் தட்டை நிரப்பிக்கொண்டு மகளைப் பார்க்க ஓடிவிட்டார்.

இருந்த கோபத்தையெல்லாம் அந்த ஆள் மேல் கொட்டினாள். அவரோ வாயில் விரலை வைத்து, 'உஷ்' என்று சைகை காட்டினார். என்ன நெஞ்சழுத்தம்! இன்னும் சத்தமாகக் கேட்டாள். அவர் பையை மார்போடு அணைத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினார்.

"சாப்புடாமயே போய்ட்டாருக்கா," என்றான் ஆலன்.

"ரோஷம் வந்துட்டிருக்கும்."

மறுநாள் ஸ்டூடியோவில் எடிட்டிங்குக்கு உட்கார்ந்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. ரெக்கார்டர் பட்டனை அவள் அழுத்தவே இல்லை. கேமராவில் படம் பளிச்சென்று இருந்தது. மாஸ்டரின் வாய் அசைந்தது. சத்தமோ ஜெனரேட்டருடையது மட்டும்தான். நாளைக்கு அம்பரீனுக்கு ஃபிளைட்.

"அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன், ஆலன்?"

"உங்க சாமிகிட்ட கேளுங்களேன். தேக்சா மூடி சத்தமாவது கிடைக்கும்."

சாமி என்று அவன் கிண்டல் செய்தது, எடிட்டர்கள் இலவசமாகச் சத்தங்களை இறக்கிக்கொள்கிற இணையதளத்தில் 'ஒட்டுக்காது' என்ற பெயரில் இருந்த ஒருவரை. தகரக் கூரையில் மழை, மாடிப்படியில் கொலுசு, பஸ் கதவு, குக்கர் விசில் என்று ஊர் உலகத்துச் சத்தத்தையெல்லாம் பதிந்து, பைசா வாங்காமல் போட்டுவைக்கிற புண்ணியவான். ஜெனிஃபாவின் வீடியோக்களில் பாதிக்கு உயிர் கொடுத்தவரே அவர்தான். "இந்த மனுஷனை நேர்ல பாத்தா கால்லயே விழுந்துடுவேன்" என்று அவளும் சொல்லிச் சொல்லி ஆலனுக்குக் காது புளித்துவிட்டது.

அவசரமாக அவருக்குச் செய்தி அனுப்பினாள். "பிரியாணி தம் உடைக்கிற சத்தம் இருக்குங்களா, அண்ணா?"

உடனே பதில் வந்தது. "இருக்குதும்மா. பிரியாணி மாஸ்டரே கூப்புட்டு எடுத்துக்கச் சொன்னாரு. இதோ ஏத்துறேன். கடைசியில மட்டும் கொஞ்சம் இரைச்சல் இருக்கும், வெட்டிடுங்க."

இறக்கி, ஸ்பீக்கரில் ஓடவிட்டாள்.

கரி சரிந்தது. மூடி நகர்ந்தது. புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அதன் மேலேயே ஒரு குரல், சிரிப்பும் அழுகையுமாக.

"பிஸ்மில்லா! ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்ட கை, இன்னிக்கு என் பொண்ணுக்கு ஆக்கியிருக்குது! அம்பரீன் கண்ணு, மொதத் தட்டு உனக்குத்தான்டா!"

"ஸ்தோத்திரம் ஆண்டவரே! ஆலன், நம்ம மாஸ்டரு!" நாற்காலி பின்னால் சாயத் துள்ளிக் குதித்தாள் ஜெனிஃபா. சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் முட்டியது. படத்தோடு ஒட்டிப் பார்த்தாள். மாஸ்டரின் வாயசைவோடு அச்சாகப் பொருந்தியது.

"அது சரிக்கா, நம்மளத் தவிர அங்க வேற யாரு ரெக்கார்ட் பண்ணது?"

அவள் பதில் சொல்வதற்குள், இன்னும் ஓடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரிலிருந்து கிளம்பியது அந்த இரைச்சல்.

"யோவ், இன்னாய்யா இது? கூப்புடாத கல்யாணத்துக்குப் பையத் தூக்கிட்டு வந்து நிக்கிற? வெக்கமா இல்ல ஒனக்கு?"

தன் குரலையே கேட்ட ஜெனிஃபா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஆலன் மெதுவாக வண்டிச் சாவியை எடுத்தான்.

"அக்கா, கால்ல விழணும்னு சொன்னீங்களே, மாஸ்டர்கிட்ட வீட்ட விசாரிச்சுட்டு இப்பவே போய்ட்டு வந்துடலாமா?"